கன்சோலா, கணினியா? கிருஷ்ணகிரியில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தின் கணக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் சிறிய அளவில் ஒலிப்பதிவுக் கூடம் வைக்க நினைப்பவர்கள் முன்னால் இன்று இரண்டு வழிகள் உள்ளன. சென்னையிலோ பெங்களூரிலோ மூடப்பட்ட கூடத்திலிருந்து கைமாறி வரும் 24 சேனல் அனலாக் கன்சோலை (24 ஒலிகளைத் தனித்தனிப் பாதையில் வாங்கிக் கலக்கும் பெரிய மேசைக் கருவியை) வாங்கி அறையின் நடுவில் வைப்பது ஒன்று. 8 மைக் உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டி), ஒரு கணினி, கைக்கு ஒரு சிறிய ஃபேடர் (ஒலி அளவை ஏற்றி இறக்கும் நகர்த்தி) கன்ட்ரோலர் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸிங் முழுவதையும் மென்பொருளுக்குள்ளேயே முடிப்பது மற்றொன்று. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து அதிலேயே தொழில் செய்துவருகிறேன். எனவே இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும். என்னிடம் வரும் வேலைகள் அம்மன் திருவிழாப் பாடல்கள், கூத்து ஜமாக்களின் (குழுக்களின்) பதிவுகள், தேவாலயப் பாடல்கள், எப்போதாவது ஒரு குறும்படம். திரைப்படப் பின்னணி இசை செய்பவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம்.

ஒலித் தரத்தைப் பற்றிய சண்டையை விரைவில் முடித்துவிடலாம். 24 பிட் பதிவின் கோட்பாட்டு அளவிலான வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான இடைவெளி, 144 டெசிபல். நல்ல இன்டர்ஃபேஸ் ஒன்று நடைமுறையில் 110 டெசிபலுக்கு மேல் தருகிறது. பம்பையும் உடுக்கையும் ஒலிக்கும் அறையின் இரைச்சலோடு ஒப்பிட்டால் இது தேவைக்கு அதிகம். அனலாக்கில் ஒரு கதகதப்பு உண்டு என்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் கட்டப்பட்ட, பெயர்பெற்ற பழைய கன்சோல்களில் அது உண்மைதான். ஆனால் நம் கைக்கு எட்டும் விலையில் வரும் நடுத்தர மிக்ஸர்களுக்குள் இருப்பது 5532 போன்ற சாதாரண ஆப்-ஆம்ப் (ஒலியைப் பெருக்கும்) சிப்புகள்; அவை ஒலியை மாற்றாமல் கடத்துவதற்கென்றே செய்யப்பட்டவை. இல்லாத கதகதப்புக்காக அரை அறையை விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய மிக்ஸை மீண்டும் திறப்பதிலும் கணினிதான் முந்துகிறது. கூத்து வாத்தியார் ஒருவர் பதிவைக் கேட்டுவிட்டு, "முகவீணை தூக்கலா இருக்குதுங்க, பாட்டு அமுங்குது" என்று அடுத்த மாதம் வந்து சொன்னாலும், கோப்பைத் திறந்தால் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும். கன்சோலில் ஒவ்வொரு நாபின் நிலையையும் தாளில் குறித்தோ படம் பிடித்தோ வைத்திருக்க வேண்டும். இது எல்லோரும் அறிந்ததுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. இதை எவரும் விலைப் பட்டியலில் எழுதுவதில்லை.

24 சேனல் கன்சோலில் ஒரு சேனலுக்குச் சுமார் 20 நாப்கள் என்று வைத்தாலும், மொத்தம் ஏறத்தாழ 480 சுழலும் பாகங்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கார்பன் தடமும் அதன்மேல் உரசும் ஒரு சிறு தகடும் உண்டு. கிரானைட் வெட்டும் பட்டறைகளும் லாரிகள் ஓயாத நெடுஞ்சாலையும் உள்ள ஊரில், கண்ணுக்குத் தெரியாத தூசி ஃபேடரின் பிளவு வழியாக இறங்கி அந்தத் தடத்தில் உட்காரும். பாட்டின் நடுவே குரலை ஏற்றும்போது கரகரவென்று சத்தம் வருவது அதனால்தான். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு துருநீக்கும் ஸ்ப்ரேயை அடித்தால் அன்றைக்குச் சத்தம் நின்றுவிடும். ஆனால் தடத்தின் மேலிருந்த மசகும் கரைந்து போவதால், பிறகு ஃபேடர் இறுகி, சத்தம் முன்னைவிட மோசமாகத் திரும்பும். அதற்கென்றே உள்ள காண்டாக்ட் கிளீனரை, அதுவும் ஃபேடர்களுக்கு உரிய மசகு கலந்த வகையை, கேட்டு வாங்க வேண்டும்.

தூசியை உறை போட்டு ஓரளவு தடுக்கலாம், வெப்பம் அப்படியல்ல. கன்சோலுக்குள் நூற்றுக்கணக்கில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகங்கள்) உள்ளன. அவற்றின் உள்ளே இருக்கும் திரவம் மெல்ல உலர்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. நம் ஊரின் ஏப்ரல், மே மாத வெயிலில், ஏசி ஓடாத இரவுகளில்கூட, பவர் சப்ளைக்கு அருகில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் வெந்துகொண்டே இருக்கும். அவை கெடும்போது சாதனம் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. ஒலி செல்லும் பாதையிலுள்ள கெப்பாசிட்டர் உலர்ந்தால் அந்தச் சேனலில் மட்டும் அடிநாதம் மெலியும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் ஒரு சேனலில் கனமாகவும் அடுத்ததில் ஒல்லியாகவும் கேட்கும். பவர் சப்ளையிலுள்ளவை சோர்ந்தால் 100 ஹெர்ட்ஸில் ஒரு முனகல் எல்லாச் சேனல்களிலும் ஏறும். நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் ரெக்டிஃபையர் அதை இரட்டிப்பாக்குவதால்தான் இந்த 100. எர்த்திங் சரியில்லாததால் வரும் ஹம் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸில் தூக்கலாக இருக்கும். இரண்டையும் பிரித்தறியப் பழகினால், எலக்ட்ரீஷியனை அழைப்பதா, கன்சோலைத் திறப்பதா என்பது தெரிந்துவிடும்.

திறப்பது யார்? ஓசூரில் தொழிற்சாலை மின்னணுப் பலகைகளைச் சரிசெய்யும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆடியோ கன்சோலின் சுற்றுப்படத்தைப் பார்த்து வேலை செய்பவரைத் தேடினால் பெங்களூருக்கோ சென்னைக்கோதான் போக வேண்டியிருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் சுமார் 90 கிலோமீட்டர். சேனல் கார்டுகளைத் தனித்தனியாகக் கழற்றும் அமைப்பு இருந்தால் கெட்ட கார்டைத் துணியில் சுற்றிப் பேருந்தில் கொண்டுபோகலாம். விலை குறைந்த மிக்ஸர்கள் பலவற்றில் எல்லாச் சேனல்களும் ஒரே பெரிய பலகையில் இருப்பதால், ஒரு நாப் மாற்றுவதற்கும் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும், அல்லது நிபுணரையே இங்கே வரவழைக்க வேண்டும். வண்டிச் செலவு, அவரது நாள்கூலி, அதைவிட மேலாக, திருவிழாக் காலத்தில் கூடம் பூட்டிக் கிடக்கும் நாட்கள் எல்லாவற்றையும் கூட்டினால், மலிவாக வாங்கிய கன்சோல் மலிவாக இருப்பதில்லை.

கணினி வழியிலும் பராமரிப்பு இல்லாமல் இல்லை. அது வேறு வடிவில் வருகிறது. இன்டர்ஃபேஸ் ஒன்று கெட்டுப்போகாமலேயே செல்லாக்காசாகலாம். ஃபயர்வயர் என்ற பழைய கேபிள் இணைப்போடு வந்த நல்ல சாதனங்கள் பல, கணினிகளில் அந்தத் துளையே இல்லாமல் போனதால் மூலையில் கிடக்கின்றன. அதனால்தான், தனி டிரைவர் மென்பொருள் இல்லாமலும் யுஎஸ்பி வழியாக இயங்கும் வகையை வாங்கினேன். 8 உள்ளீடுகள் போதாதபோது ஏடாட் என்னும் ஒளியிழை இணைப்பு வழியாக 48 கிலோஹெர்ட்ஸில் மேலும் 8 சேர்க்க முடிகிறது. ஒரு முழு ஜமாவை ஒரே மூச்சில் பதிவு செய்ய இது தாராளம். லோ வோல்டேஜுக்கு ஸ்டெபிலைசரும், கரண்ட் போனால் கோப்பைச் சேமிக்கும் அவகாசத்துக்கு யுபிஎஸ்ஸும், இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் நகலும் கட்டாயம். மறுவிற்பனை விலை வேகமாகச் சரியும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிறிய சிப்புகள் ஒட்டிய பலகை கெட்டால் பெரும்பாலும் பழுதுபார்க்காமல் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் அது ஒரு பைக்குள் அடங்கும் பொருள், அதற்குப் பதில் இன்னொன்று வரும்வரை இரவல் வாங்கியும் சமாளிக்கலாம்.

கணினியில் நான் இன்னும் இழப்பாக உணர்வது கைகளின் வேகத்தை. ஜமா பாடிக்கொண்டிருக்கும்போதே ஹார்மோனியத்தைக் குறைத்துப் பின்பாட்டுக்காரர்களை ஏற்றுவது கன்சோலில் இரு கைகளின் வேலை. 8 ஃபேடர் கன்ட்ரோலரில் அடுத்த 8 சேனல்களுக்குப் பக்கம் மாற்றும் நொடியில் அந்த இடம் கடந்துவிடுகிறது.

நடுவழியாக டிஜிட்டல் மிக்ஸர் இருக்கிறது. 2012இல் வந்த பெரிங்கர் எக்ஸ்32 போன்றவை 32 சேனல்களையும் யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்பும். அமைப்புகளையும் சேமித்து வைக்கும். மேடையும் கூடமும் சேர்த்து நடத்துபவருக்கு அது மூன்றிலும் பொருத்தமானதாக இருக்கக்கூடும். நான் அதை வாடகைக்கு எடுத்த மேடை நிகழ்ச்சிகளில் மட்டுமே தொட்டிருப்பதால், கூடத்தில் பல ஆண்டுகள் தாங்குமா என்பதற்குச் சாட்சி சொல்ல மாட்டேன்.

சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவரும், அறையை ஆண்டு முழுவதும் குளிர்ச்சியாக வைக்கக்கூடியவரும் கன்சோலை விரும்பினால் தடுக்க எனக்கு நியாயமில்லை. அவர்கள் விலை பேசுவதற்கு முன் கன்சோலை ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு நாபையும் ஃபேடரையும் முழு நீளத்துக்கு நகர்த்திக் கேட்க வேண்டும். ஒரே மைக்கை ஒவ்வொரு சேனலிலும் மாற்றிச் செருகி அடிநாதம் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, அடித்தட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றி உள்ளே சேனல் கார்டுகள் தனித்தனியாக இருக்கின்றனவா, ஒரே பலகையா என்று எட்டிப்பார்க்க வேண்டும். விற்பவர் திருகைக் கழற்ற விடவில்லையென்றால் முன்பணம் கொடுக்க வேண்டாம்.