கல்யாண மாப்பிள்ளை மாதிரி திரும்பி வந்த என் ட்ரையல்ஸ் புல்லட்

ட்ரையல்ஸ் போட்டி ஓட்டுவதற்காக ஒரு பழைய புல்லட்டைப் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கினேன். எல்லோரும் முதலில் கேட்பது கணக்கைத்தான், அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன். பட்டறை வேலைக்குப் பேசியது 85,000 ரூபாய், கடைசியில் கொடுத்தது 1,32,000. மூன்று மாதம் என்றார்கள், வண்டி கைக்கு வந்தது ஏழாவது மாதம். பட்டறை கோவைப் புறநகரில் இருக்கிறது. பழைய புல்லட், ஜாவா, யெஸ்டி மட்டும்தான் எடுப்பார்கள், புது வண்டி வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெயர் போடவில்லை. நல்லதும் சொல்லப்போகிறேன், திட்டவும் போகிறேன், பட்டறைக்காரர் பிழைப்பில் கை வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

வண்டி 1974 மாடல் புல்லட் 350. ஒரு மில் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவரிடமிருந்து வாங்கினேன். பதினோரு வருடம் தென்னை ஓலைக்கு அடியில் நின்றிருந்தது, சைலன்சருக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஆனால் ஆர்.சி. புத்தகம் சுத்தமாக இருந்தது, எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் சரியாகவே ஒத்துப்போனது. இதை ரோட்டில் ஓட்ட வாங்கவில்லை. ட்ரையல்ஸ் ஓட்டத்தான்.

ட்ரையல்ஸ் என்றதும் பாதிப் பேர் மண்ணில் பறக்கும் மோட்டோகிராஸ் பந்தயத்தை நினைத்துக்கொள்கிறார்கள். இது நேர் எதிர். வேகத்துக்கு இங்கே மதிப்பே கிடையாது. பாறை, ஓடை, சரிவு என்று கயிறு கட்டிப் பிரித்த ஒரு துண்டு இடத்தை, கால் தரையில் படாமல் கடக்க வேண்டும். ஒரு தடவை கால் ஊன்றினால் 1, இரண்டு தடவை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை தடவை ஊன்றினாலும் 3, விழுந்தாலோ வெளியே போனாலோ 5. கடைசியில் யாருக்குக் குறைவான புள்ளியோ அவர் ஜெயித்தார். என் மாமா தன் தோட்டத்து வேலியோரம் நின்று அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "ஏம் மாப்ள, எறங்கி நடந்தே போயிருந்தா இந்நேரம் போய்ச் சேந்திருப்பயே" என்றார். விளையாட்டை இதைவிடச் சரியாக யாரும் விளக்க முடியாது.

இதற்குப் போய் 160 கிலோவுக்கு மேல் இருக்கும் புல்லட்டா என்று கேட்பீர்கள். இன்றைய ட்ரையல்ஸ் வண்டிகள் 70 கிலோவைச் சுற்றித்தான் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் இந்தப் புல்லட் முதலில் தலை காட்டியதே ட்ரையல்ஸில்தான் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. பின்சக்கரம் ஸ்பிரிங்கில் மேலும் கீழும் ஆடுகிற மாதிரி ஸ்விங் ஆர்ம் வைத்த புல்லட்டின் முதல் மாதிரி வண்டிகளை 1948-இல் இங்கிலாந்தில் ஒரு ட்ரையல்ஸ் போட்டியில்தான் வெளியே காட்டினார்கள். பின்னால் ஸ்பிரிங் வைத்தால் பிடிமானம் போய்விடும் என்று அன்றைக்கு அனுபவசாலிகளே தலையை ஆட்டினார்கள். அப்புறம் ஜானி பிரிட்டன் என்ற இளைஞர் 350 புல்லட்டிலேயே ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரையல்ஸை 1952-இலும் 1957-இலும் ஜெயித்துக் காட்டினார். 1965-இல் சாமி மில்லர் என்ற வீரர் பல்டாகோ என்ற லேசான ஸ்பெயின் டூ-ஸ்ட்ரோக் வண்டியில் அதே போட்டியை ஜெயித்ததும் இந்தக் கனமான நாலு-ஸ்ட்ரோக்குகளின் காலம் முடிந்தது. அங்கே இன்னும் 1965-க்கு முந்தைய வண்டிகளுக்கென்றே தனிப் போட்டி நடத்துகிறார்கள். நாம் 1956-இலிருந்து சென்னை திருவொற்றியூர் ஆலையில் அதே எஞ்சினை, அதே நாலு கியர் பெட்டியை அடித்துக்கொண்டே இருந்தோம். ஆக, அவர்கள் தேடி அலையும் சாமான் நமக்குப் பழைய இரும்புக் கடையில் கிடைக்கிறது.

சரி, பட்டறைக்கு வருகிறேன். எஞ்சின் வேலைக்கு இவரைவிட ஆள் கிடையாது. அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் காதால் வேலை பார்க்கிற மனிதர். எஞ்சினைப் பிரித்ததும் முதலில் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துக் காட்டினார். பழைய புல்லட்டில் ராடின் கீழ்க்கண்ணில் இருப்பது ஃப்ளோட்டிங் புஷ், அதாவது பேரிங்குக்குப் பதிலாகச் சுழலும் ஒரு உலோக வளையம். நிதானமாக ரோட்டில் ஓட்டினால் காலத்துக்கும் வரும், ஆனால் ட்ரையல்ஸில் மூச்சு முட்டுகிற மெதுவான வேகத்தில் திடீரென்று முறுக்கித் திறப்போம், அடி முழுக்க அங்கேதான் விழும். ரோலர் பேரிங் வைத்த ராடு போடச் சொன்னது அவர்தான், நான் கேட்கவில்லை. கிராங்க்கை லேத்தில் ஏற்றி, டயல் கேஜ் வைத்து, செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி நேர் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முள் அசையாமல் நிற்கும்வரை, மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்காமல், ஒரு தட்டு, ஒரு சுற்று, ஒரு பார்வை. அந்த ஒரு நாளுக்காகவே கூடுதல் காசு கொடுக்கலாம்.

சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து ரீபோர் ஆகியிருக்கிறது, 70 மி.மீ. போரில் இன்னும் ஒரு தடவை கடைய இடம் மிச்சம் வைத்திருக்கிறார். பழைய கார்புரேட்டரின் ஸ்லைடு தேய்ந்து காற்று உறிஞ்சியதால் பின்னாளில் வந்த மிக்கார்ப் ஏறியது. தீப்பொறிக்கான பழைய பாயிண்ட்டை மாற்றி எலக்ட்ரானிக் போடலாமா என்று கேட்டேன், "இது போதுமுங்க, தோட்டத்துல நின்னா உப்புத்தாள் வெச்சுத் தேச்சு ஓட்டிக்கலாம்" என்றார். சரியான பதில். இப்போது ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அமுக்கி, சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் ஒரு விரற்கடை தள்ளிவிட்டு உதைத்தால் முதல் உதையிலேயே பிடிக்கிறது. அதைவிட முக்கியம் அதன் பொறுமை. முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்தைவிடக் குறைவாக, டக்... டக்... டக்... என்று ஒவ்வொரு வெடிப்பையும் எண்ணிவிடலாம் போலப் போகிறது, நிற்பதில்லை. அந்தக் கனமான ஃப்ளைவீலும் பிஸ்டனின் நீளமான 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் சேர்ந்து செய்கிற மாயம் அது. செயின் ஓடும் முன் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் குறைத்ததும் உதவியது. பின்னால் 38 பல்லும் பிரேக் டிரம்மோடு ஒரே வார்ப்பு, அங்கே கை வைப்பது பெரிய செலவு என்பதால் முன்னால் குறைப்பதுதான் புத்திசாலித்தனம்.

எஞ்சின் அடியைக் காக்கும் தகடான சம்ப் கார்டுக்கும் முழு மதிப்பெண். புல்லட்டில் எஞ்சினுக்கு அடியில் ஃப்ரேம் குழாய் ஓடுவதில்லை, எஞ்சினே ஃப்ரேமின் ஒரு பகுதி. ஆயிலும் அந்தக் கேஸுக்குள்ளேயேதான் இருக்கிறது. ஒரு பாறை சரியாக முட்டினால் அலுமினியம் விரிசல் விட்டு மொத்த ஆயிலும் மண்ணுக்குப் போய்விடும். இவர் கனமான தகட்டை வளைத்து, ஆயில் இறக்கும் நட்டுகளுக்கு நேராக ஓட்டையும் போட்டு, நான்கு போல்ட்டில் கழற்றுகிற மாதிரி செய்து கொடுத்தார். இதுவரை எத்தனை கல் முட்டியிருக்கும் என்று கணக்கில்லை, உள்ளே ஒன்றும் ஆகவில்லை.

இனி திட்டு.

வேலை முடிந்து வண்டியை எடுக்கப் பட்டறைக்குப் போன அன்றைக்கு ஷட்டரைத் தூக்கினார்கள், எனக்குப் பகீர் என்றது. டேங்க்கில் கண்ணாடி மாதிரி கறுப்பு, அதன் மேல் தங்கக் கோடு, ரிம்மெல்லாம் குரோம், எஞ்சின் கவர்களில் முகம் பார்த்துத் தலை சீவலாம். தாலி கட்டப் புறப்பட்ட மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. நான் கேட்டது ஒரே ஒரு கோட் பெயின்ட், அதுவும் கீறினால் நானே டப்பாவில் வாங்கி அடிக்கிற நிறம். "தம்பி, இத்தன வேல செஞ்சுபோட்டு டேங்க்க வெறும்னே உடலாமுங்களா, பாக்கறவங்க என்னையத்தான பேசுவாங்க" என்கிறார். அந்தக் கோடு கையால் இழுத்தது, திருவொற்றியூர் ஆலையில் இழுத்த மாதிரியே, ஒரு நடுக்கம் இல்லை. ரசிக்காமல் இருக்க முடியவில்லை, எரிச்சல் படாமலும் இருக்க முடியவில்லை. 47,000 ரூபாய் கூடுதலில் பெரும்பங்கு இந்தப் பெயின்ட்டும் பஃபிங்கும் குரோமும்தான். கேட்காமல் செய்த வேலைக்கு எப்படிக் காசு என்று வாதாடி 8,000 குறைத்த பிறகுதான் மேலே சொன்ன 1,32,000.

பெயின்ட் கூடப் போகட்டும், பிரேக்கை மன்னிக்க முடியவில்லை. ட்ரையல்ஸில் நின்றுகொண்டேதான் ஓட்டுவோம், அதனால் ஃபுட்ரெஸ்ட்டை இரண்டரை அங்குலம் பின்னால் தள்ளி, பல் வைத்த, மடங்குகிற மாதிரி போடச் சொல்லியிருந்தேன். அழகாகப் போட்டிருந்தார்கள். ஆனால் பிரேக் பெடல் பழைய இடத்திலேயே. இந்த வண்டியில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில், நினைவிருக்கட்டும். உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தபோது தெரியவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை மாமா தோட்டத்தை ஒட்டிய பழைய கல்லுக்குழியில் இறங்கினேன், நின்ற நிலையில், சரிவின் பாதியில் இடது கால் நுனி பெடலைத் தேடுகிறது, தேடுகிறது, அங்கே வெறும் காற்றுதான். முன்னால் இருக்கும் 6 அங்குல டிரம்மை நம்பிப் பிடித்ததும் முன்சக்கரம் சரளையில் வழுக்கி, இடது பக்கமாக நானும் மாப்பிள்ளையும் படுத்தோம். தங்கக் கோட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். வலித்தது முழங்கை, ஆனால் ஒரு நிம்மதியும் வந்தது. இனி விழ பயமில்லை.

சக்கரத்திலும் இதே கதைதான். முன்னால் 21 அங்குல ரிம் வேண்டும், பழைய ட்ரையல்ஸ் வண்டிகள் அப்படித்தான், பெரிய சக்கரம் கல்லின் மேல் சுலபமாக ஏறும். நான் எங்கோ சொல்லி வாங்கிக் கொடுத்த ரிம்மில் ஸ்போக்குக்கு 36 ஓட்டை, சக்கரத்தின் நடுவில் இருக்கும் புல்லட் ஹப்பில் 40 ஓட்டை. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை எனக்குச் சொல்ல அவர்களுக்கு இரண்டரை மாதம் ஆனது. போன் செய்யும்போதெல்லாம் "நடந்துட்டிருக்குங்க" என்ற பதில்தான். பிறகு 40 ஓட்டை ரிம் அவர்களே தேடிக் கண்டுபிடித்தார்கள், ஸ்போக் கட்டிய ஆள் கெட்டிக்காரர், சக்கரம் துளி ஆட்டமில்லை. ஆனால் பின்சக்கரத்தில் ரிம் லாக் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தும் போடவில்லை. குரோம் ரிம்மில் கூடுதலாக ஓட்டை போட மனசு வரவில்லையாம்! பிடிமானத்துக்காகப் பின் டயரில் காற்றை 10 பவுண்டுக்கு இறக்குவோம், ரிம் லாக் இல்லையென்றால் டயர் ரிம்மின் மேலேயே நகர்ந்து டியூபை இழுத்துக்கொண்டு போகும். போனது. இரண்டாவது வாரம் வால்வு வேரோடு பிய்ந்து, பட்டன் டயர் சப்பையாகி, வண்டியைக் கல்லுக்குழியிலிருந்து மேலே தள்ளிக் கொண்டுவர மூன்று பேர் தேவைப்பட்டது.

ஒன்று நியாயமாகச் சொல்ல வேண்டும். திரும்பக் கொண்டுபோனபோது வாக்குவாதம் எதுவும் இல்லை. பெடலுக்குக் கீல் இடத்தை மாற்றி, கம்பியை நீட்டி, நான் ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நின்று "ம்" சொல்லும்வரை மூன்று முறை வளைத்துப் பார்த்தார். ரிம் லாக்குக்கு அவரே ட்ரில் போட்டார், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. இரண்டுக்கும் காசு வாங்கவில்லை. போகிற வழியில் பழைய இரும்புக் கடைத் தராசில் வண்டியை ஏற்றினேன், 146 கிலோ. பெரிய சீட், இரும்பு மட்கார்டு, சைடு ஸ்டாண்டு, கேரியர் எல்லாம் போனது தெரிகிறது. இன்னும் டேங்க்கை மாற்றினால் குறையும், 14 லிட்டர் டேங்க் எனக்கு எதற்கு, ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் கூட ஆவதில்லை.

இப்படிச் செய்ய நினைப்பவர்கள் ஆர்.டி.ஓ. விஷயத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். 2021-இல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டிக்கு வின்டேஜ் என்று தனிப் பதிவு, வி.ஏ. எழுத்தோடு தனி நம்பர் உண்டு, ஆனால் வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் அசலாக இருக்க வேண்டும். சாதாரணப் பதிவிலும் கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. அதனால் என் வண்டி தனியார் நிலத்தை விட்டு வெளியே சக்கரம் வைப்பதில்லை, போக வரக் குட்டியானைதான். கழற்றிய அசல் சாமான் எல்லாவற்றையும், அந்த எலி குடியிருந்த சைலன்சர் உட்பட, சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். ஃப்ரேமில் எங்கேயும் வெட்ட விடவில்லை, நாளைக்கே மனசு மாறினால் திரும்ப மாட்டிவிடலாம்.

ஆக, எஞ்சினுக்கு ஐந்துக்கு ஐந்து. சக்கரம் கட்டியதற்கு நான்கு. சொன்னதைக் கேட்பதற்கு ஒன்றரை. எஞ்சினை மட்டும் கொடுத்து வாங்குவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பட்டறைக்குப் போகலாம், முழு வண்டியைக் கொடுத்தால் வாரம் ஒரு முறை நேரில் போய் நில்லுங்கள், பெயின்ட் டப்பாவைத் திறக்கும் நாளில் கட்டாயம் பக்கத்தில் இருங்கள். இன்னும் ஆயில் ஒரு இடத்தில் கசிகிறது, புஷ்ராடு மூடிக்குக் கீழே. அதைக் கேட்டதற்கு, "புல்லட்டுங்க அது, கசியலேன்னா உள்ள ஆயிலே இல்லேன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அரைப் புள்ளி அதற்காகக் கொடுத்தது.

அந்த 36 ஓட்டை 21 அங்குல ரிம் புதுசாக அப்படியே வீட்டில் கிடக்கிறது. வேண்டுமென்றால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன்.