நேட்டோவா, ஐரோப்பியப் படையா? டென்மார்க்கைப் பாருங்கள்

ஐரோப்பாவை யார் காப்பது என்ற சண்டையில் பலரும் டாங்கிகளையும் விமானங்களையும் எண்ணுகிறார்கள். என் கணக்கு வேறு: எந்த ஏற்பாடு வாக்காளரிடம் எவ்வளவு விட்டுக்கொடுக்கச் சொல்கிறது?

இதில் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோ மலிவு. 1949-இல் 12 நாடுகளோடு தொடங்கி இன்று 32 ஆகிவிட்டது. சேர்ந்த எந்த நாடும் தன் ராணுவத்தைக் கலைக்கவில்லை. அதற்கான விலை வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டணியின் ஐரோப்பியத் தலைமைத் தளபதி பதவி தொடக்கம் முதலே அமெரிக்கருக்குத்தான். வெள்ளை மாளிகையில் ஆள் மாறினால் ஐரோப்பியத் தலைநகரங்களுக்குத் தூக்கம் போகிறது. 2025-இல் ஹேக் மாநாட்டில், 2035-க்குள் பாதுகாப்புக்கும் அது சார்ந்த செலவுகளுக்கும் உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதம் ஒதுக்குவதாக ஒப்புக்கொண்டார்கள். அதில் பாதி டிரம்ப்பைச் சமாதானப்படுத்தத்தான் என்று தோன்றுகிறது.

ஐரோப்பியப் படை என்பது புது யோசனை அல்ல. 1950-இல் பிரான்ஸ் முன்வைத்தது. 1954 ஆகஸ்டில் பிரெஞ்சு நாடாளுமன்றமே அதைக் கொன்றது. அந்தப் படையில் சேரவிருந்த மேற்கு ஜெர்மனி மறு வருடம் நேட்டோவில் சேர்ந்தது. 2005-இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான பொது அரசியல் சாசனத்தை பிரான்சில் சுமார் 55 சதவீதம் பேரும், நெதர்லாந்தில் 61 சதவீதத்துக்கு மேலும் நிராகரித்தார்கள். கருத்துக்கணிப்பில் ‘பொதுப் பாதுகாப்புக் கொள்கை வேண்டுமா’ என்றால் பெரும்பாலோர் தலையாட்டுகிறார்கள். ‘உங்கள் பிள்ளையைப் போருக்கு அனுப்பும் உத்தரவை ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் போடலாமா’ என்று கேட்டுப் பார்க்க எந்த அரசுக்கும் துணிச்சல் இல்லை.

இந்தக் குழப்பம் முழுவதையும் டென்மார்க்கில் பார்க்கலாம். 1992-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை அது மயிரிழையில் நிராகரித்தது. ராணுவ விஷயத்தில் கலந்துகொள்ள மாட்டோம் என்ற விலக்கு உள்பட நான்கு விலக்குகளை வாங்கிக்கொண்ட பிறகே மறு வருடம் சம்மதித்தது. 2000-இல் யூரோவும் வேண்டாம் என்றது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பின், 2022 ஜூனில், மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்து ராணுவ விலக்கை நீக்கினார்கள். நாணயமோ இன்றும் சொந்தக் குரோனேதான்.

பிறகு டென்மார்க்கின் பகுதியான கிரீன்லாந்து வேண்டும் என்று டிரம்ப் கேட்டார். 2025 செப்டம்பரில் டென்மார்க், அமெரிக்க பேட்ரியாட்டை விட்டுவிட்டு பிரான்ஸ்-இத்தாலி தயாரிப்பான வான் பாதுகாப்பு அமைப்பைத் தேர்ந்தெடுத்தது. ஐரோப்பாவின் பக்கம் சாய்ந்துவிட்டது என்று நினைத்தால், அடுத்த மாதமே அமெரிக்க எஃப்-35 விமானங்கள் இன்னும் 16 வாங்கப்போவதாக அறிவித்தது! முரண்பாடு போலத் தெரிந்தாலும், இரண்டு பக்கமும் ஒரு கால் வைப்பது சிறிய நாட்டுக்குப் புத்திசாலித்தனம்தான்.

அதனால் நான் பந்தயம் கட்டுவது மூன்றாவது வழியில்: வேண்டியவர்கள் மட்டும் சேரும் சிறு குழுக்கள். 2023-இல் நான்கு நார்டிக் நாடுகள் (டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பின்லாந்து) தங்கள் விமானப்படைகளை ஒரே படைபோல இயக்க ஒப்புக்கொண்டன; அதற்கு வாக்கெடுப்பு எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. பிரிட்டன் வெளியேறிய பின் ஐரோப்பிய ஒன்றியத்தில் அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒரே நாடு பிரான்ஸ். அதை ஏவும் உத்தரவு பிரெஞ்சு அதிபர் ஒருவர் கையில்தான். எந்தச் சிறு குழுவும் அதில் பங்கு கேட்க முடியாது.