மூட்டு வலிக்குப் பெயர் தெரியாத மாத்திரை தருகிறவரிடம் போகாதீர்கள்

விரல் முட்டி வீக்கத்துக்கோ மூட்டு வலிக்கோ டாக்டர் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என் அக்காவுக்கு நடந்தது இது. இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

அக்காவுக்கு இரண்டு கைகளிலும் விரல் முட்டிகள் வீங்கின. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கையை மூட முடியாது. பற்பசை மூடியைத் திருகக்கூட ஆள் வேண்டும். பொழுது ஏற ஏறக் கொஞ்சம் இளகும். யாரோ சொல்லி, 'மூட்டு வலி சிறப்பு சிகிச்சை' என்று பலகை மாட்டியிருந்த ஒருவரிடம் போனார்.

அவர் அக்காவின் கையைத் தொடவே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே நீளமாக ரத்தப் பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட் வந்ததும், "ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ், முடக்குவாதம்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். முடக்குவாதம் என்றால் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். அந்த நோயாளிகள் பலருடைய ரத்தத்தில் காணப்படும் ஒரு புரதம்தான் ஆர்.ஏ. ஃபேக்டர். மருந்துச் சீட்டு கிடையாது. அட்டையிலிருந்து பிரித்தெடுத்த மாத்திரைகளை வெள்ளைக் காகிதத்தில் மடித்து, மேலே பேனாவால் 'காலை', 'இரவு' என்று எழுதிக் கொடுத்தார்கள். இது என்ன மாத்திரை என்று அக்கா கேட்டார். "பேரைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்கம்மா? வலி போகுதான்னு மட்டும் பாருங்க" என்று பதில் வந்தது.

வலி போனது, அதுவும் சில நாட்களிலேயே. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாதங்கள் ஓடின. அக்காவின் முகம் வட்டமாக உப்பியது, ரத்த அழுத்தம் ஏறியது, இல்லாத சர்க்கரை வந்தது. மாத்திரை ஒரு நாள் தவறினாலும் வீக்கம் பழையபடி திரும்பியது. கடைசியில் ஒரு வாதநோய் நிபுணரிடம், அதாவது ருமட்டாலஜிஸ்டிடம் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய கார்ட்டிசால் என்ற ஹார்மோன் படுத்துப்போயிருந்தது. அந்தப் பொட்டலத்தில் இருந்தது ஸ்டீராய்டு, கார்ட்டிசாலைப் போலவே வேலை செய்யும் மருந்து. அது வெளியிலிருந்து நீண்ட நாள் போனால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துவிடும்.

ஸ்டீராய்டே விஷம் என்று நான் சொல்லவில்லை. 1948-ல் முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாக கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோது மருத்துவ உலகமே வியந்தது. 1950-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. நீண்ட நாள் கொடுத்தால் என்னென்ன கெடுதல் வரும் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. இன்றைக்கும் நல்ல நிபுணர்கள் அதைக் கொடுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் முக்கிய மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, நோயாளிக்குச் சொல்லிவிட்டுக் கொடுக்கிறார்கள். முடக்குவாதத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் பலன் தர 6 முதல் 12 வாரம் ஆகலாம். வலி அடங்கியிருந்தாலும் உள்ளே மூட்டு அரிக்கப்படலாம். அதனால் ஆரம்ப மாதங்கள் மிக முக்கியம். அக்காவிடமிருந்து அந்த ஆள் பறித்தது அந்த மாதங்களைத்தான். எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

இப்போதைய டாக்டர் முதல் நாள் செய்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு விரல் முட்டியையும் தன் கட்டைவிரலால் அழுத்தினார், அவருடைய நகம் வெளுக்கிற அளவுக்கு. எங்கே வலிக்கிறது, எங்கே வீக்கம் என்று குறித்துக்கொண்டே போனார். விரல்கள், மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் என 28 மூட்டுகளைப் பார்த்து நோயின் தீவிரத்தைக் கணக்கிடும் முறை ஒன்று இருக்கிறதாம். மூட்டு நோய்க்குப் போய், டாக்டர் மூட்டைத் தொடவில்லை என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

ரிப்போர்ட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்கிறவரையும் நம்ப வேண்டாம். ஆர்.ஏ. ஃபேக்டர் ஆரோக்கியமான சிலருக்கும் பாசிட்டிவ் வரும், வயதானவர்களுக்கு இன்னும் அதிகமாக. முடக்குவாதம் உள்ள சிலருக்கு நெகட்டிவ்வாகவும் இருக்கும். ஏ.என்.ஏ. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் உடனே லூபஸ் (எதிர்ப்பு சக்தி உடம்பின் பல உறுப்புகளைத் தாக்கும் நோய்) என்றும் ஆகாது.

அப்புறம், எலும்பு டாக்டர் வேறு, வாதநோய் நிபுணர் வேறு. எலும்பு முறிவு, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை எல்லாம் முன்னவருடைய வேலை. முடக்குவாதம், லூபஸ், முதுகெலும்பை இறுக்கும் அன்கிலோசிங் ஸ்பான்டிலைடிஸ் போன்றவற்றுக்கு இரண்டாமவர்தான் வேண்டும். பலகையில் 'சிறப்பு' என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். பொது மருத்துவத்துக்கு மேல் ருமட்டாலஜியில் தனியாகப் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள், மருத்துவக் கவுன்சில் பதிவையும் பாருங்கள். நேர்மையானவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

போகும்முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, எந்த மூட்டில், காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது. வீக்கம் இருக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள், டாக்டரைப் பார்க்கிற அன்று அது வடிந்துபோயிருக்கும். மூட்டுக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றுவதையும் சொல்லுங்கள். தோலில் செதில் படைகள், அடிக்கடி கண் சிவப்பது, வாய்ப்புண், குளிரில் விரல் வெளுப்பது இவையெல்லாம் துப்பு கொடுக்கும். காசநோயோ மஞ்சள் காமாலையோ வந்ததுண்டா, குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா என்பதை மறைக்கவே கூடாது. மருந்தையே மாற்ற வேண்டி வரும். கர்ப்பத்தில் மெத்தோட்ரெக்சேட் கூடவே கூடாது. இதுவரை சாப்பிட்ட எல்லாவற்றையும் கையில் கொண்டுபோங்கள், நாட்டு மருந்துப் பொடி உட்பட.

வெளியே வரும்முன் மருந்தின் பெயரும் அளவும் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். மெத்தோட்ரெக்சேட் என்றால் எந்தக் கிழமை என்று எழுதி வாங்குங்கள். இந்த நோய்க்கு அது வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிடுவது. தவறி தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. ரத்தப் பரிசோதனைக்கு எப்போது வர வேண்டும் என்றும் கேளுங்கள், கல்லீரலையும் ரத்த அணுக்களையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏற்கெனவே இப்படிப் பெயர் தெரியாத மாத்திரையில் இருக்கிறீர்கள் என்றால், இதைப் படித்த பயத்தில் இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். பல வாரங்கள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மிச்சமிருக்கும் மாத்திரைகளோடு நிபுணரிடம் போங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார். அக்காவுக்கு இப்போது அப்படித்தான் குறைத்துக்கொண்டு வருகிறார்கள்.