இறால் பாஸ்தா: முழுக்கோதுமையா, கொண்டைக்கடலையா?

நீரிழிவு உள்ளவர்கள் இறால் பாஸ்தா சமைக்கும்போது கணக்கிட வேண்டியது இறாலை அன்று. அதில் மாவுச்சத்து ஏறத்தாழ இல்லை என்பதால், இரத்தச் சர்க்கரையை உயர்த்துவது பாஸ்தாதான். சமைக்காத 56 கிராம் முழுக்கோதுமைப் பாஸ்தாவில் சுமார் 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதே எடையுள்ள கொண்டைக்கடலைப் பாஸ்தாவில் அது சுமார் 35 கிராமாகக் குறைவதோடு, புரதமும் கூடுதலாகக் கிடைக்கிறது. சர்க்கரையை மட்டும் கருதினால் என் தேர்வு கொண்டைக்கடலையே.

ஆனால் அடுப்படியில் அது மிகுந்த கவனத்தைக் கேட்கும். கொதிக்கும்போது நுரை பொங்கும். ஒரு நிமிடம் கூடினாலும் குழைந்து, கிளறும்போது உடைந்துவிடும் என்பதால், உறையில் குறித்த நேரத்துக்குச் சற்று முன்பே ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்க வேண்டும். முழுக்கோதுமை அவ்வளவு எளிதில் குழையாது. நடுவில் சிறிது உறுதி இருக்கும்போதே வடித்துவிட்டால், அது செரித்துச் சர்க்கரையாக மாறும் வேகமும் குறையும். குழந்தைகளும் சேர்ந்து உண்ணும் வீட்டில், பழகிய சுவைக்காக இதுவே எளிதில் செல்லும்.

எதை எடுத்தாலும், இறாலைக் கடைசியில், பூண்டு வதங்கிய ஆலிவ் எண்ணெயில் பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் வதக்கினால் போதும். இளஞ்சிவப்பாகி லேசாக வளைந்ததும் இறக்கிவிட வேண்டும், இறுகச் சுருண்டால் ரப்பர்போல் ஆகிவிடும். தட்டில் பாதியைக் காய்கறிக்கு ஒதுக்கி, பாஸ்தாவைக் கால் பங்கோடு நிறுத்துங்கள்.