கல்லீரல் எம்.ஆர்.ஐ: 1.5 டெஸ்லாவா, 3 டெஸ்லாவா?

எம்.ஆர்.ஐ கருவியின் காந்தப்புலம் 1.5 டெஸ்லாவிலிருந்து (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) 3-க்கு ஏறினால், படத்தை உருவாக்க உடலிலிருந்து கிடைக்கும் சமிக்ஞை ஏறக்குறைய இரட்டிப்பாகும். மெல்லிய வெட்டுகளாகப் படமெடுக்கலாம். சிறு கட்டிகளும் நுண்ணிய பித்தநாளங்களும் இன்னும் தெளிவாகத் தெரியும். அவற்றைத் தேடுவதற்கு 3-தான் என் தேர்வு.

ஆனால் வயிற்றில் நீர் கோத்திருந்தால் கதையே வேறு. 3 டெஸ்லாவில் ரேடியோ அலையின் நீளம் உடலுக்குள் சுமார் 30 செ.மீ.க்குச் சுருங்குகிறது. அலை சீராகப் பரவாமல், பெரும்பாலும் கல்லீரலின் இடது மடல் பக்கம் கருநிழல் விழும். கட்டி அதில் மறைந்துபோகலாம்.

அப்புறம், இரும்புச்சத்து மிகுந்த கல்லீரல். 3-ல் சமிக்ஞை ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் மங்குவதால், இரும்பு மிக அதிகமாக இருந்தால் அளப்பதற்குள் சமிக்ஞையே போய்விடும். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்வதால் கல்லீரலில் இரும்பு சேரும் தலசீமியா (பரம்பரை ரத்தசோகை) நோயாளிக்குத் தயங்காமல் 1.5 என்பேன்.

உடலில் பேஸ்மேக்கர் போன்ற கருவி இருந்தால், எந்தப் புலத்துக்கு அனுமதி என்பதை முதலில் பாருங்கள். சில கருவிகளுக்கு 1.5 மட்டும்தான்.