கவியரங்க மேடைக்கு ஷூர் எஸ்எம்58 சரிப்படுமா?

1966-இல் வந்த மைக். இன்னும் மேடையை விட்டு இறங்கவில்லை. வேலூரில் கவியரங்கம் நடக்கிற கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள்: வழுவழு தரை, வெறும் சுவர், தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறி. நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் வகை மைக் வைத்தால் அத்தனையையும் சேர்த்து இழுக்கும். எஸ்எம்58 அத்தனை நுணுக்கம் இல்லாத டைனமிக் வகை, கிட்டே எதிரில் பேசுவதை வாங்கும், முதுகுப் பக்கம் கிட்டத்தட்ட செவிடு. படிப்பவர் தன் குரலைக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் பெட்டியை மைக்கின் நேர் பின்னால் வையுங்கள்.

சிக்கல் 'ப'வில்தான். "பாலாறு பொய்த்த பிறகு" என்று உதட்டை ஒட்டிப் படித்தால் மூன்று சொல்லின் முதலெழுத்தும் குண்டாக வெடிக்கும். அடித்தொனி ஏறி வார்த்தை குழம்பும். நான்கு விரல் தள்ளி, சற்றே பக்கவாட்டில் பிடித்து, ஒலியைச் சரிசெய்யும் மிக்சரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனியை வெட்டினால் தெளியும். மைக்கின் தலையில் உள்ள வலைக்குண்டைக் கையால் பொத்தினால் ஸ்பீக்கரில் ஊளைதான். சினிமாவில் பார்த்துப் பழகிய பிடி அது!

சுவிட்ச் இல்லாத எல்சி மாடலையே வாங்குங்கள். சுவிட்ச் இருந்தால் ஒருவர் அணைத்துவிட்டுப் போவார், அடுத்தவர் தட்டித் தட்டி "ஹலோ" சொல்லிக்கொண்டிருப்பார்.

நீளமான ஒயருக்கு இருபக்கமும் எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் இணைப்பு) வேண்டும். சாதாரண மோனோ ஜாக் ஒயர் இரையும். பாதி விலைக்குப் புதுசு என்றால் போலி. விடிய விடியத் தெருக்கூத்துக்கு இது வேண்டாம்: மைக்கை மேலே தொங்கவிட்டால் வாய்க்கும் அதற்கும் தூரம் கூடி, ஆடுகிறவர் குரலை முகவீணை என்ற ஊதுகுழல் அமுக்கிவிடும்.

வலைக்குண்டு திருகினால் கழலும். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, ஈரம் போகக் காயவைத்து மாட்டுங்கள்.