மேட்டூர் அணை: பூங்காவோடு திரும்பிவிடாதீர்கள்

டெல்டாக்காரர்களுக்கு மேட்டூர் என்பது முதலில் ஓர் எண். நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று நாளிதழில் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டில் நாற்றங்கால் பேச்சையே எடுப்பார்கள். அந்தத் தண்ணீரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன்.

பூங்காவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிழல் இருக்கிறது, கட்டுச்சோற்றைப் பிரித்து உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை முனியப்பன் கோயிலுக்கு வரும் கூட்டமும் சேர்ந்துகொள்வதால் வேறு கிழமை நல்லது.

பார்க்க வேண்டியது அணையின் கீழ்ப்புறம். 1934-இல் கட்டி முடித்த சுவர் 214 அடி உயரத்துக்கு நிற்கிறது. அதன் காலடியில் மின் நிலையத்திலிருந்து தண்ணீர் வெள்ளை நுரையாகப் புரண்டு வருகிறது. விசையாழியைச் சுற்றிவிட்டு வரும் இதே தண்ணீர்தான் மூன்று நாளில் கல்லணையைத் தொடும் என்றதும் அப்பா கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நகரவில்லை. குந்தா போன்ற மலை அணைகளில் மின்சாரம் எப்போது தேவையோ அப்போது தண்ணீர் ஓடும். இங்கே வயலுக்கு எப்போது தேவையோ அப்போதுதான் மின்சாரம். பாசனத்துக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டால் அணை மின் நிலையத்தின் 50 மெகாவாட்டும் சுரங்க மின் நிலையத்தின் 200 மெகாவாட்டும் பெரும்பாலும் ஓய்வுதான். திறந்துவிட்டாலோ, கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை என்று கதவணைக்குக் கதவணை அதே தண்ணீர் மறுபடி மறுபடி மின்சாரம் தருகிறது. ஒரு சொட்டை இத்தனை முறை வேலை வாங்கிவிட்டு உழவனிடம் முழுசாக ஒப்படைக்கும் இந்த ஏற்பாட்டுக்காகவே நான் மேட்டூருக்கு முழு மதிப்பெண் தருவேன்.

அணை நிரம்பும் ஆண்டில் பதினாறு கண் மதகையும் தவறவிடாதீர்கள். மின் நிலையங்கள் வாங்கிக்கொள்ளக்கூடியது வினாடிக்கு 20 ஆயிரம் கன அடிக்குச் சற்று மேல். அதற்கு மிஞ்சிய வெள்ளம் இந்த வழியாகத்தான் பாய்கிறது.

அங்கிருந்து கொளத்தூர் வழியாகப் பண்ணவாடிக்குப் போங்கள். அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) என்றால் என்ன என்று அந்தக் கரையில்தான் புரியும். அக்கரை நாகமரைக்குப் போகிறவர்கள் வண்டியோடு படகேறுகிறார்கள். நீர்மட்டம் 80 அடிக்குக் கீழே இறங்க இறங்க, முதலில் நீரில் மூழ்கிக் கிடக்கும் பழைய தேவாலயத்தின் கோபுரம் தலைகாட்டும், பிறகு ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. நாங்கள் போனபோது நந்தியின் கழுத்துவரை தண்ணீர். பரிசல்காரர் ஒரு சுற்று வந்து அருகே நிறுத்தினார். கல்லில் பழைய நீர்மட்டங்கள் சேற்றுக் கோடுகளாகப் படிந்திருந்தன. ஊரையும் கோயிலையும் விட்டுக்கொடுத்து மேடேறியவர்களின் நிலம் இதன் அடியில் கிடக்கிறது. எங்கள் குறுவைக்கு அவர்கள் கொடுத்த விலை என்று அப்போதுதான் உறைத்தது. அணைக்கரையில் அவர்கள் ஊர்ப்பெயர்களை ஒரு கல்லில் பொறித்து வைத்தால் என்ன!

மீன் வறுவல் பல கடைகளில் கிடைக்கிறது. நாங்கள் முதலில் நுழைந்த கடையில் எண்ணெய் கறுத்துப் போயிருந்தது; எழுந்துவந்துவிட்டோம். அடுத்த கடையில் மீனைக் கண்முன்னே கீறி, மசாலா தடவிப் போட்டார்கள். முள் அதிகம், ருசி அதைவிட அதிகம்.

நுரையைப் பார்க்க வேண்டுமானால் ஜூன் 12-ஐ ஒட்டித் திறப்பு அறிவித்த பிறகு போங்கள். நந்தியைப் பார்க்கக் கோடை. ஆடிப் பெருக்கன்று கால் வைக்க இடமிருக்காது. எந்த மாதமானாலும் அன்றைய நாளிதழில் நீர்மட்டம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். சேலத்திலிருந்து பஸ்கள் நிறைய. பண்ணவாடிக்கு மட்டும் சொந்த வண்டி இருந்தால் நல்லது.